நான் கேட்டிராத ஒலி

உங்கள் மேசைக்கு மேலே இருக்கும் டியூப் லைட்டில் சோக் போய்விட்டது. அதனால்தான் அந்த முனகல். மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தால் நானே மாற்றித் தந்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள், புரிகிறது. லிஃப்ட் பழுது பார்த்தே காலம் தள்ளியவன் நான். எங்காவது ஏதாவது முனகினால், பிள்ளை அழும் சத்தத்துக்குத் தாய் திரும்புவதைப் போலத் தலை தானாகத் திரும்பிவிடுகிறது.

என் பொழுதுபோக்கிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். நல்லது. அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைக் கேட்டால் என்னை ஏதோ அரக்கன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் செய்வது சிந்தசைசர். கடையில் விற்கும் கீபோர்டு இல்லை. என்னுடையதில் வாசிக்கக் கட்டைகளே கிடையாது. கையகல அலுமினியத் தகடு, முன்பக்கம் சில திருகு குமிழ்கள், சில துளைகள், பின்பக்கம் ஒரு சர்க்யூட் போர்டு. இதற்கு மாட்யூல் என்று பெயர். ஒவ்வொரு மாட்யூலும் ஒரே ஒரு வேலை செய்யும். ஒன்று ஒலியை உண்டாக்கும். ஒன்று அந்த ஒலியின் கூர்மையை மழுக்கும். ஒன்று கதவைப் போலத் திறந்து மூடும். இன்னொன்று, அடுத்து என்ன வரும் என்று செய்தவனுக்கே தெரியாதபடி ஏறி இறங்கும். இவற்றை மரச்சட்டத்தில் வரிசையாக மாட்டி, ஒன்றின் துளையிலிருந்து இன்னொன்றின் துளைக்கு வயர் போட்டால் மழை பெய்யும், ரயில் போகும், இதுவரை யாரும் கேட்டிராத ஒரு மிருகம் மூச்சு விடும். ரெடியாகவும் விற்கிறார்கள். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈயம் உருகிப் பளபளத்து அப்படியே உறையும் அந்த நொடி, வாங்குகிறவனுக்குக் கிடைக்காது.

முன்னறையில் பாதி என் மேசைதான். மீதிப் பாதியில் ஒரு நாற்காலி. அதில் பாப்பா உட்காருவாள்.

பாப்பா என்றால் என் தங்கை. முப்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அப்பா முதலில் போனார். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சடை பின்னுவதுவரை நான்தான் கற்றுக்கொண்டேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம், 'முதல்ல தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணிட்டு' என்றேன். பிறகு யாரும் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தேன் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லிக்கொள்வதில்லை.

அவளுடைய வேலையே காதால் செய்கிற வேலை. நீதிமன்ற விசாரணைகளின் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டு எழுத்தாக்கித் தருவாள். இருமலுக்கும் நாற்காலி இழுபடும் சத்தத்துக்கும் நடுவில் சாட்சி விழுங்கிய சொல்லைக்கூடப் பிடித்துவிடுவாள். நான் இப்போது சொல்வதையும் யாரோ அப்படிக் கேட்டு எழுதத்தான் போகிறார்கள். அவளாக இருந்திருந்தால் ஒரு எழுத்து பிசகியிருக்காது.

வேலை முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஆசிலேட்டர், அதாவது ஒலியை உண்டாக்கும் மாட்யூல், சூடேறினால் சுருதி நழுவும். அதை மீட்டரில் பார்த்துச் சரி செய்வார்கள். எனக்கு மீட்டர் தேவைப்பட்டதில்லை. பழம் உரித்துக்கொண்டே சொல்வாள்.

"கொஞ்சம் இறங்கியிருக்குண்ணா."

"இப்ப?"

"ஏத்திட்ட. ஒரு மயிரிழை கொறை. ஆங், அப்படியே விடு."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வேறு பேச்சு எங்களுக்குத் தேவைப்படவில்லை. இப்படியே காலம் போயிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

நீங்கள் கேட்ட அந்தப் பல் டாக்டர் முதலில் வந்தது ஒரு மாட்யூல் வாங்கத்தான். இதில் ஆர்வம் உள்ள சிலர் அவ்வப்போது என்னிடம் செய்து வாங்கிக்கொள்வார்கள். நாற்பதை நெருங்கும் வயது, கலகலப்பான ஆள், கல்யாணம் ஆகாதவர். மாட்யூலை வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். மின்சார வயரைத் தலைகீழாகச் செருகி எரித்துவிட்டாராம். சரி செய்து கொடுத்தேன். மறுபடி எரித்தார். வயரில் உள்ள சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறையும் எரித்துக்கொண்டு வந்தபோது பாப்பா கதவைத் திறந்தாள். அவர் அவளிடம், "பல்லுல நரம்பு எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேங்க. இந்த ஒரு வயரு மட்டும் பிடிபட மாட்டேங்குது" என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. ஒருவர் ஒரு முறை எரித்தால் தவறு. திரும்பத் திரும்ப எரித்தால் அது மாட்யூலுக்காக அல்ல என்று எனக்கு அன்றே தெரியும். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்கள். என் பாப்பாவைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அவர் சாக்கு இல்லாமலே வரத் தொடங்கினார். ஒரு மாலை மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். புதிதாகச் செய்த ஆசிலேட்டரின் சுருதியை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே போனேன். யாருக்கு எதுவரை கேட்கிறது என்று ஒரு விளையாட்டு. கேட்கிறவரைக்கும் விரலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். பல் டாக்டர் முதலில் விரலை மடக்கினார். கொஞ்ச நேரத்தில் நானும் மடக்கினேன். பாப்பாவின் விரல் நின்றுகொண்டே இருந்தது.

"இன்னுமா கேக்குது?" என்றார் அவர்.

"கேக்குதே. காதுக்குள்ள கொசு ஊசி போடற மாதிரி. அய்யோ போதும்ணா, நிறுத்து."

"ட்ரில் சத்தத்துலயே என் காது போச்சுங்க. உங்க அண்ணனுக்கு வயசுல போச்சு" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பி, "இவங்க காதைப் பத்திரமா பாத்துக்கணும் சார்" என்றார்.

நான் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி இருக்கிறது. எனக்கு இல்லை. அவருக்கு இல்லை. அவளுக்கு மட்டும் இருக்கிறது. அப்போது நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கல்யாணப் பேச்சை அவளேதான் எடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் கடலோரத்து ஊரில் சொந்தமாகக் கிளினிக் வைக்கப் போகிறார், கல்யாணத்துக்குப் பிறகு அங்கே போய்விடுவார்கள்.

"நீயும் வந்துடேன்ணா. லிஃப்ட் இல்லாத ஊரா?"

"நான் எதுக்கு? நீ நல்லா இருந்தா போதும்."

"கோவமா?"

"கோவம் என்ன. சந்தோஷம்தான் பாப்பா."

இதில் பொய் எங்கே என்று தேடுகிறீர்கள். இல்லை. நான் தடுக்கவில்லை. சத்தம் போடவில்லை, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. எத்தனையோ அண்ணன்மார் கை நீட்டுவார்கள், அறையில் வைத்துப் பூட்டுவார்கள். எனக்கு அது ஆகாது. பாம்பும் சாக வேண்டாம், கம்பும் உடைய வேண்டாம். அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் தேவை, யோசித்துப் பார்த்தால் அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவகாசத்தை உண்டாக்குவது மட்டும்தான் என் வேலை.

அதற்கான கருவியை ஒரு வார விடுமுறையில் செய்து முடித்தேன். நான் செய்ததிலேயே சின்னது அதுதான். பெருவிரல் நகம் இருக்குமே, அதைவிடச் சற்றுப் பெரிய போர்டு. கைக்கடிகாரத்தைத் திறந்தால் இருக்குமே, அப்படிப்பட்ட பேட்டரி. காசு போல ஒரு மெல்லிய ஒலித்தகடு. ஒலி சாதாரணம். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அருமை எங்கே என்றால், அது எப்போது வரும் என்பதில். ஒழுங்காக வரும் எதையும் காது நாளடைவில் மறந்துவிடும். கடிகாரச் சத்தம் யாருக்காவது கேட்கிறதா? அதனால் முன்பே சொன்னேனே, ஏறி இறங்கும் அந்தச் சர்க்யூட்டை அதில் சேர்த்தேன். சில சமயம் ஒரு மூச்சு நேரம் வரும். சில சமயம் அரை நாள் வராது. வந்தால் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது கேட்காது என்பதால் ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் அலைகாட்டியின் திரையில் பார்த்துச் சரி செய்தேன். பச்சைக் கோடு அழகாக வளைந்து வளைந்து போனது. நான் செய்ததிலேயே சுத்தமான அலை. அதை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அவள் படுக்கைக்கு மேலே, சுவரில் காற்றுக்காக விட்ட சதுரத் துளை இருக்கிறது. முன்னால் கம்பி வலை. அதன் பின்னால் வைத்தேன்.

இரண்டொரு நாளில், காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து கேட்டாள்.

"அண்ணா, உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லையே."

அதுவும் பொய் இல்லை.

பிறகு வீட்டைச் சோதித்தோம். நான் முன்னால் நின்று சோதித்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினோம். சார்ஜர்களைப் பிடுங்கினோம். மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க அவள் படுக்கையில் உட்கார்ந்து, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். நான் டார்ச் பிடிக்க, அவள் சுவரில் காதை வைத்துக்கொண்டே அறையைச் சுற்றி வந்தாள். கட்டிலுக்கு மேலே அவள் நிமிர்ந்து பார்த்தபோது நானும் பார்த்தேன். ஒலி அந்த நேரம் நின்றுவிட்டது போலும். "அப்பாடா, போயிடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஒரு சிக்கல் வந்தது. பல் டாக்டரின் அக்கா வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு வந்தவள், "அங்க நல்லாத் தூங்கினேன்ணா. ஒரு சத்தமும் இல்ல" என்றாள். இப்படி விட்டால் வீட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஆகவே இன்னொன்று செய்தேன். அவள் எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பையின் அடியில், உள்துணியைப் பிரித்து வைத்துத் தைத்தேன். தையலும் எனக்கு வரும். அவள் பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்த கைதானே.

இந்த இரண்டாவதில் ஒரு நுணுக்கம் சேர்த்தேன். நெல்மணி அளவு மைக் ஒன்று. பக்கத்தில் தொடர்ந்து பேச்சுக்குரல் கேட்டால் அது கதவைத் திறக்கும், ஒலி வரும். பேச்சு ஓய்ந்து அமைதியானால் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். பல் டாக்டர் வாய் ஓயாமல் பேசுகிறவர். நான் பேசாதவன். மேலே சொல்ல வேண்டியதில்லை.

அவள் அதைத் தானாகவே கண்டுபிடித்தாள், அதாவது அவளுக்குப் புரிந்த விதத்தில். "அவர்கூட உக்காந்து பேசினாலே ஆரம்பிச்சுடுதுண்ணா. உன் பக்கத்துல இருந்தா நிம்மதியா இருக்கு. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல" என்றாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். மனம் கல்லைவிட மிருது.

காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். அவர் வைத்த சோதனையில் எல்லாம் சரியாகவே வந்தது. சரியாகத்தான் வரும், அவர்களுடைய கருவி அவ்வளவு மேலே போகாது. காதிரைச்சல் என்றார். மன அழுத்தம் இருந்தால் வரும், கல்யாணம் போன்ற பெரிய மாற்றங்களால்கூட வரும் என்று அந்த டாக்டர் அம்மாளே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வேலையில் தப்பு வரத் தொடங்கியது. ஒரு சாட்சி 'இல்லை' என்றதை விட்டுவிட்டாள். அப்படி ஒரு சொல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. ஹெட்ஃபோனைத் துடைத்து, வயரைச் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

பல் டாக்டர் ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓடவில்லை. அது எனக்கு ஆச்சரியம்தான். தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னேன். எங்கள் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் குரல்கள் கேட்டன, குடும்பத்தில் ஓடுகிற விஷயம், அவசரப்பட வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. நான் சொன்ன நேரடியான பொய் இது ஒன்றுதான்; அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அதனால என்ன சார். எனக்குக்கூடத்தான் சர்க்கரை இருக்கு. பாத்துக்கலாம்" என்றார்.

அவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் பாப்பாவால் முடியவில்லை. அவளே அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "உங்க வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன்" என்று போனில் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இங்கேதான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். கல்யாணம் நின்றது, நினைத்தது நடந்துவிட்டது, அப்புறம் ஏன் அணைக்கவில்லை என்று. நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன்.

என் மரச்சட்டத்தில் இரைச்சல் மாட்யூல் ஒன்று உண்டு. அருவி விழுவதைப் போல ஒரே சீராக 'உஷ்' என்று கேட்கும். அதைப் போட்டால் மற்ற எந்த ஒலியும் அதில் மூழ்கிவிடும். ஒரு மாலை தற்செயலாகப் போட்டேன். பாப்பாவின் தோள் அப்படியே தளர்ந்தது. "அண்ணா, அதை நிறுத்தாத" என்றாள். அன்றிலிருந்து தினமும் வருவாள். "ஏதாவது போடுண்ணா" என்பாள். நான் அருவியை ஓடவிட்டு, கூர்மையை மழுக்கும் ஃபில்டரால் அதைக் கொஞ்சம் மென்மையாக்கித் தருவேன். என் தோளில் சாய்ந்தே தூங்கிவிடுவாள், சின்னப் பிள்ளையில் தூங்கியதைப் போல. நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கை மரத்துப்போகும். அந்தத் தூக்கத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான். ஒலியை அணைத்திருந்தால் அவளுக்கு அருவி எதற்கு, அருவியைத் திறந்துவிட நான் எதற்கு? நீங்கள் துன்பத்தை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த ஆறுதலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் அப்படியே நின்றிருக்கும். அவள்தான் ஒரு நாள் முகம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதே அருவிச் சத்தம் சின்னதா, பையில வெச்சுக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றியா? அது இருந்தா வெளியில போக முடியும். அவர்கிட்டகூட ஒரு தடவ பேசிப் பாக்கலாம்னு தோணுது. நீதான் என்ன வேணாலும் செய்வியே."

செய்கிறேன் என்றேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, என் சட்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்து ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வேண்டுமென்றுதான். அருவி இல்லாமல் ஒரு நாள் இருந்து பார்த்தால், கையடக்கப் பெட்டியை நம்பி ஊர்விட்டு ஊர் போவது எத்தனை பெரிய அசட்டுத்தனம் என்று புரியும். பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவார்கள்? அந்த மனிதருக்குச் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

அன்று ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டார். பாப்பா இடையில் போன் செய்திருந்தாள், பல முறை. லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் சிக்னல் எடுக்காது. எடுத்திருந்தாலும் பேசியிருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கதவு தாழிடாமல் இருந்தது. அவள் முன்னறையில், என் நாற்காலியில், என் மேசையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மின்சாரப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள்; எல்லாம் சரியாகவே செருகியிருந்தது. ஃபியூஸ் இல்லை என்பதை மட்டும் அவள் பார்க்கவில்லை. அலுமினியத் தகட்டில் துளையிட இடம் குறிக்க ஒரு மெல்லிய கூர் ஊசி வைத்திருப்பேன், மரப்பிடி போட்டது. அது அவள் கையில் இருந்தது.

முதலில் இடது காது. டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லை. ஏனென்றால் அவள் என்னைத் தேடி வெளியே போகப் புறப்பட்டிருந்தாள், பை தோளிலேயே இருந்தது. வலியில் அவள் கத்தியிருப்பாள் அல்லவா, பக்கத்தில் குரல் கேட்டால் திறக்கும் கதவு அது. கத்தக் கத்த ஒலி வந்திருக்கும். சர்க்யூட் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆகவே வலது காது.

உயிர் இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தாள். "அண்ணா" என்றாள். நான் ஏதோ சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.

நான் செய்ததை வரிசையாகக் கேட்டீர்கள். முதலில் அவள் அறைக்குப் போய், கட்டிலில் ஏறி, வலைக்குப் பின்னால் இருந்ததை எடுத்தேன். வலையின் திருகுகளைத் திரும்ப மாட்டினேன். ஃபியூஸை அதன் இடத்தில் வைத்தேன். கை கழுவினேன். அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நேரத்தை நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. பையில் இருந்ததை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் சொன்னேன். மறக்கவில்லை. இனிமேல்தான் அவளுக்குக் கேட்காதே, எடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவளுடைய மாற்றுத் துணிகளை அதே பையில் வைத்து நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருபது வயதைத் தாண்டிய ஒரு நர்ஸ் இருந்தாள். பல் டாக்டர் செய்தி கேட்டு ஓடி வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, பாப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் பேசிக்கொண்டே இருந்தார். அந்த நர்ஸ் மருந்து கொடுக்க வந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"சார், இந்தப் பையில என்ன வெச்சிருக்கீங்க? நீங்க பேசறப்பெல்லாம் கீச்சுனு ஒரு விசில் வருதே, காது கூசுது."

பல் டாக்டர் பேச்சை நிறுத்தினார். நர்ஸ், "இப்ப வரல" என்றாள். அவர் திரும்பப் பேசினார். "இதோ வருது" என்றாள். அவர் பையை மடியில் வைத்து, துணிகளை எடுத்துவிட்டு, சின்னக் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, உள்துணியின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். சுத்தமான கை. போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னிடம் வாங்கிய மாட்யூலை எரித்து எரித்து, அதன் பின்பக்கத்தைப் பல முறை பார்த்தவர். ஈயம் வைப்பதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு.

"இது நீங்க செஞ்சது" என்றார்.

"ஆமாம்" என்றேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசலில் போய் வாந்தி எடுத்தார்.

இவ்வளவுதான். நான் செய்தேன். இரண்டையும் நான்தான் செய்தேன், நான்தான் வைத்தேன், அணைக்க முடிந்தும் அணைக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். நேற்று நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் அவளுக்கு எழுதிக் காட்டியதாகச் சொன்னீர்கள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போது கத்தித்தான் பேசுகிறாள், வார்டே திரும்பிப் பார்த்தது என்றீர்கள். அவள் சொன்னதை அப்படியே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

"அப்ப அது அண்ணாகிட்டதான் இருக்குதா? நான் ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க. அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இன்னும் கேக்குது. தயவுசெஞ்சு ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

காது முற்றிலும் போனவர்களுக்கு உள்ளேயே ஒரு சத்தம் உண்டாகிவிடும், வாழ்நாள் முழுக்க இருக்கும், அதை நிறுத்த வழியில்லை என்று காது டாக்டர் சொன்னாராம். நான் செய்த இரண்டும் உங்கள் அலமாரியில் பேட்டரி இல்லாமல் கிடக்கின்றன. ஆகவே இப்போது அவளுக்குக் கேட்பது என்னுடையது அல்ல. இதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். செய்ததை எல்லாம் ஒத்துக்கொண்டேன். செய்யாததை என் தலையில் கட்ட வேண்டாம்.

மற்றபடி எனக்கு யார்மீதும் வருத்தம் இல்லை. பல் டாக்டர் நல்லவர்தான், தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள். ஆனால் பேசியே பழகிய மனிதர். பேச்சு எடுபடாத வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? அவளுக்கு இனி, பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அவளுக்கு அப்படி ஒருவன்தான் இருக்கிறான். எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தனியாக இருந்தால் பாப்பா பயப்படுவாள்.